வாடகை வீடும் ஓர் உடன்படிக்கையே

மதுரையில் வாடகைக்கு வீடு தேடி அலைபவர்களுக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். நல்ல வீடுகள் பெரும்பாலும் அறிவிப்புப் பலகைக்கு வருவதே இல்லை. மாடிப்பகுதி காலியாகப் போகிறது என்னும் செய்தி முதலில் தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் துணி தேய்ப்பவருக்கும் தெரிகிறது. அவர்கள் வாயிலாக உறவினரையும் ஊர்க்காரரையும் சென்றடைகிறது. அவர்களுள் எவரும் வேண்டாம் என்று விட்ட வீடுகளே பலகைக்கும் தரகருக்கும் வந்து சேர்கின்றன. ஆகவே இந்நகரில் எவரையும் அறியாதவராகப் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவர், தேடலைத் தொடங்கும் முன்பே ஒரு படி பின்தங்கிவிடுகிறார்.

மதுரை சென்னையைப் போன்ற பெருநகரம் அன்று, சிற்றூரும் அன்று. அரசு இராசாசி மருத்துவமனையும், 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையும், கல்லூரிகளும், மாசி வீதிகளின் துணிக்கடைகளும் நாள்தோறும் புதியவர்களை இங்கே அழைத்து வருகின்றன. சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி எனச் சுற்றியுள்ள மாவட்டங்களின் பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நகரம் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. மாலையில் அவர்கள் தலைசாய்க்க இடம் கேட்கும்போதுதான் தயங்குகிறது. திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி போன்ற நகரங்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

வீடு பார்க்கச் செல்பவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன், வீட்டுக்காரர் அவரைப் பார்க்கிறார். சொந்த ஊர் எது, என்ன வேலை, குடும்பத்தில் எத்தனை பேர் என்பன இயல்பான கேள்விகள். அடுத்து வருவன அவ்வளவு இயல்பானவை அல்ல. ஊரின் பெயரைச் சொன்னதும், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார். அசைவம் சமைப்பதுண்டா என்பார். சிலர் சுற்றி வளைக்காமல், “நீங்க என்ன ஆளுக?” என்றே கேட்டுவிடுவார்கள். விடை பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே மறுப்பு வராது. “நேற்றுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்” என்ற பொய்யே வரும். அடுத்த வாரம் அதே வாயிலில் அதே பலகை தொங்கிக்கொண்டிருக்கும்.

முன்பின் அறியாதவருக்கு இடம் கொடுக்கத் தயங்குவது இன்று தோன்றிய வழக்கம் அன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையை நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் இதே மதுரையின் புறஞ்சேரியில் தங்கி நின்றார்கள். பெருவணிகர் மகன் என்ற பெருமை மதுரையில் அவனுக்கு உடனே ஒரு கூரையைப் பெற்றுத் தரவில்லை. கவுந்தியடிகள் சொன்ன சொல்லை ஏற்றே, ஆயர்குல முதுமகள் மாதரி அவர்களைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் சென்று தங்குவதற்குத் தனி மனையும் தந்தாள். அங்கே அறவோர் ஒருவரின் வாய்ச்சொல் பிணையாக நின்றது. இன்றும் நம் நகரங்களில் வீடு கிடைப்பது பெரும்பாலும் இம்முறையில்தான். ஆனால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கவுந்தியடிகளுக்கு எங்கே போவது? தெரிந்தவரின் சொல் செய்த வேலையைச் செய்ய வேறொன்று தேவைப்படுகிறது. அது எழுதப்பட்ட உடன்படிக்கை. வாடகைக்கு வீடு தருவதை ஒரு தயவாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். வீடு தேடுவோர் படும் துன்பத்தில் பெரும்பகுதி அந்தக் கருத்திலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

முன்பணம் என்னும் மலை

குடிக்கூலி என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. குடியிருப்பதற்குத் தரும் கூலி என்று பொருள் தெளிவாக விளங்கும் சொல் அது. இன்று வீடு தேடுபவரை மலைக்க வைப்பது அந்தக் கூலி மட்டுமன்று. கதவைத் திறப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டிய மொத்தத் தொகையும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறும் ஓர் இளைஞர் 7,000 ரூபாய் வாடகையில் ஒரு சிறு வீட்டைப் பிடிக்கிறார் என்று கொள்க. ஐந்து மாத முன்பணம் 35,000 ரூபாய். முதல் மாத வாடகை 7,000. தரகருக்கு ஒரு மாத வாடகை என்றால் மேலும் 7,000. பொருள்களை ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டிக்கும் சுமை இறக்குபவர்க்கும் 3,000. பால் காய்ச்சும் முன்பே 52,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இது ஏறத்தாழ அவருடைய மூன்று மாத ஊதியம். சென்னையில் நெடுங்காலமாக வழங்கி வரும் பத்து மாத முன்பணப் பழக்கம் இங்கும் வந்துவிட்டால் தொகை இன்னும் ஏறும். மாதந்தோறும் 7,000 ரூபாய் தர வல்லவர்களுள் பலர் இந்த முதற்படியில் ஏற முடியாமல், கழிப்பறை வசதி குறைந்த அறைகளில் நான்கைந்து பேராக ஒடுங்கிவிடுகிறார்கள். சிலர் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். அவ்வாறு கொடுக்கப்பட்ட முன்பணத்துக்கு வட்டி கிடையாது. வீட்டைக் காலி செய்யும் நாளில் வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் எழுதப்படாத வழக்கமாகிவிட்டது.

மதுரை வட்டாரத்தில் ஒத்தி என்னும் முறையும் உண்டு. ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வரும். நகையை விற்றும், ஊரிலுள்ள நிலத்தை அடகு வைத்தும் ஒத்திக்கு வீடு பிடித்த குடும்பங்களை நான் அறிவேன். பார்வைக்கு இது இலாபமாகவே தோன்றும். எனினும், அதே வீட்டின் மீது வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்பவரே மிகுதி. தொகையைத் திருப்பித் தர இயலாத வீட்டுக்காரர், “அடுத்த ஒத்திக்காரர் வரட்டும்” என்று நாள் கடத்துவார். புதிய வீட்டுக்கும் பணம் கொடுக்க முடியாமல், பழைய வீட்டிலும் தொடர விரும்பாமல் அக்குடும்பம் தவிக்கும்.

மின்கட்டணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஒரே இணைப்பிலிருந்து மூன்று குடித்தனங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கப்படும் வீட்டில், துணை மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்கப்படுகிறது. அரசு தரும் சலுகை வாடகைதாரர் கைக்கு வந்து சேர்வதில்லை. வீட்டுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மொத்தப் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறிவிடுவதால், அவர் செலுத்தும் தொகையும் சிறிதன்று. தனித்தனி இணைப்புப் பெறுவதே தீர்வு. அதற்கான அலைச்சலையும் செலவையும் எண்ணியே பலர் அதைத் தள்ளிப்போடுகின்றனர்.

பூட்டிய வீடுகளும் அச்சமும்

வீட்டுக்காரர் எல்லாரையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது; அது உண்மை ஆகாது. மதுரை போன்ற நகரத்தில் வாடகைக்கு விடுவோர் பெரும்பாலும் பெருஞ்செல்வர் அல்லர். வருங்கால வைப்பு நிதியைக் கொண்டு மாடியில் ஒரு பகுதி கட்டிய ஓய்வுபெற்ற எழுத்தர், கணவரை இழந்தபின் வாடகையைக் கொண்டே வாழும் முதிய பெண்மணி ஆகியோரே தெருவுக்குத் தெரு காணப்படுகின்றனர். உள்ளே வந்தவர் வெளியேற மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வாடகைதாரரை வெளியேற்றுவதற்குக் கடும் வரம்புகளை விதித்தது. எளியவரைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு பிறந்த சட்டமே அது. நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்திய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்றைய வீட்டுக்காரர்கள்.

இதன் விளைவை நாடு தழுவிய கணக்குகளிலும் காணலாம். 1961இல் இந்திய நகரங்களில் 54 விழுக்காடாக இருந்த வாடகை வீடுகளின் பங்கு 2011இல் 28 விழுக்காடாகக் குறைந்தது என்று நடுவண் அரசின் 2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை கூறுகிறது. அதே 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகர்ப்புறங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. ஒருபக்கம் வீடு தேடி அலைவோர். மறுபக்கம் பூட்டிய வீடுகள். இடையில் நிற்கும் தடைகளுள் அவநம்பிக்கையே பெரிது.

பழைய சட்டத்துக்கு மாற்றாகவே, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வீட்டுக்குள் வர விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாடகைதாரரை வெளியேற்றுவதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. உரிமையாளருக்கும் இதில் காப்பு உண்டு. உடன்பட்ட காலம் முடிந்தபின் வீட்டைத் திரும்பப் பெறவும், வாடகை தராதவரை வெளியேற்றவும் வாடகை நீதிமன்றத்தை அவர் அணுகலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஓர் இடத்தில் இது தளர்ந்துவிடுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லும் பிரிவு, உடன்பாட்டில் வேறு வகையாக எழுதப்பட்டிருந்தாலன்றி என்னும் விலக்கோடு தொடங்குகிறது. நம் கணக்கில் கண்ட இளைஞர் 35,000 ரூபாய்க்கு மாறாக 21,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்று சட்டம் சொல்வதைப் போலத் தோன்றும். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்தத் தாளில்தான் கையெழுத்திட மாட்டார்? அந்த விலக்கை நீக்குவதே முறை. பதினொரு மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எங்கும் பதியாமல் விடும் பழைய வழக்கமும் இன்னும் மறையவில்லை. பதிவு என்றவுடன் வரியும் வழக்கும் நினைவுக்கு வருவதால் உரிமையாளர் தயங்குகிறார். அவர் மனம் கோணுமோ என்று வாடகைதாரர் வாய் திறப்பதில்லை.

யாருக்கு வீடு இல்லை

எழுத்தில் அமைந்த உடன்படிக்கை பணச் சிக்கல்களைத் தீர்க்கலாம். கதவே திறக்கப்படாதபோது உடன்படிக்கை எங்கிருந்து வரும்?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி கற்று, இலண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். சில நாள்களிலேயே தடியுடன் வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொல்லி மிரட்டியது. நண்பர்களும் கைவிரித்த நிலையில், பூங்கா ஒன்றில் நேரத்தைக் கழித்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். நாடே வியக்கும் அறிஞருக்கு ஒரு கூரை கிடைக்காமற்போனதற்குப் பணம் காரணமன்று.

விடுதலைக்குப் பின் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பை வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்கியது. திருநர் வாடகைக்கு வீடு பெறும் உரிமையை மறுக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆயினும் சமயத்தைக் காட்டியும், உணவைக் காட்டியும், மணமாகவில்லை என்று காட்டியும் வீடு மறுப்பதைப் பற்றி 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மௌனமாகவே இருக்கிறது. தன் வீட்டை யாருக்குத் தருவது என்பது உரிமையாளரின் விருப்பம் அன்றோ என்று கேட்பார் உண்டு. தன் சமையலறையை ஒட்டிய ஓர் அறையைத் தருபவர் அவ்வாறு கேட்டால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். தனிப்படி, தனிவாயில், தனிச்சமையலறை என வைத்து, மாதந்தோறும் வருவாய் ஈட்டுவதற்கென்றே கட்டிய வீடு ஒரு தொழில்முதல் ஆகும். கடைக்கு வருபவரின் சாதியைக் கேட்டுப் பொருள் விற்பதை நம் அரசமைப்புச் சட்டம் ஏற்பதில்லை. வீட்டுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

என் மாணவி ஒருவர் செவிலியர் படிப்பை முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு தர முதலில் எவரும் முன்வரவில்லை. இறுதியில் கிடைத்த இடத்தின் வாயில் இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். இரவுப்பணிக்குச் செல்பவர் என்ன செய்வார்? அப்பணியையும் அதற்கான கூடுதல் படியையும் விட்டுவிட்டார். நோயாளிக்கு நள்ளிரவில் மருந்து கொடுக்கும் கை வேண்டும். அந்தக் கைக்குரியவர் நள்ளிரவில் நம் தெருவில் நடந்து வரக் கூடாது. இதை ஒழுக்கம் என்ற பெயரால் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. பணிபுரியும் மகளிருக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகள் இத்தகையோருக்கு ஆறுதலாக வந்துள்ளன. எனினும் விடுதிக் கட்டிலில் எத்தனை ஆண்டுகள் வாழ்வது? அம்மாவை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள அங்கு இடமில்லையே.

வீடுகளைப் பெருக்கும் பொறுப்பும் ஒருபுறம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் மதுரையில் வளவுகள் மிகுதி. ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் எட்டுப் பத்துக் குடித்தனங்கள். காலையில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவற்றைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. எனினும் குறைந்த வருவாய் உடையவர் தம் வேலைக்கு நடந்தே செல்லும் தொலைவில் குடியிருக்க அவை உதவின. அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வணிக வளாகங்களாக மாறிவரும்போது, அந்தக் குடித்தனங்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. 1961இல் தோன்றிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அரசு ஊழியர்க்கு வாடகைக் குடியிருப்புகளைத் தருகிறது. ஏனையோரை நோக்கிய நம் திட்டங்கள் பெரும்பாலும் வீட்டைச் சொந்தமாக்கித் தரவே முயல்கின்றன. ஆஸ்திரியாவின் வியன்னா மாநகராட்சியோ ஏறத்தாழ 2,20,000 வீடுகளைத் தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு மக்களுக்கு வாடகைக்கு விடுகிறது. நம் மாநகராட்சிகள் சில நூறு வீடுகளிலிருந்தாவது தொடங்கலாம்.

இன்னும் இரண்டு ஆண்டுகளில் உங்களுள் பலர் ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஒரு வாயிலின் அழைப்பு மணியை அழுத்தி நிற்பீர்கள். உடன்படிக்கை எழுதிக்கொள்வோமா என்று கேட்டால், “நம்பிக்கை இல்லையா?” என்று எதிர்க்கேள்வி வரக்கூடும். உடன்பிறந்தவர்களே நிலத்தைப் பிரித்துக்கொள்ளும்போது பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். எழுதுவதால் அன்பு குறைந்துவிடுவதில்லை. முன்பணத்துக்கு இரசீது பெறுவதும், வாடகையை வங்கிக் கணக்கு வழியே செலுத்துவதும், குடிபுகும் நாளில் மீட்டரின் எண்ணைக் குறித்து வைத்துச் சுவர்களின் நிலையைப் படம்பிடித்துக்கொள்வதும் இருதரப்புக்கும் நன்மை தரும்.

உங்களுள் வேறு சிலரின் வீட்டு மாடியில் இப்போதே குடித்தனம் ஒன்று இருக்கக்கூடும். அடுத்த முறை அந்த மாடி காலியாகி, புதியவர் ஒருவர் வந்து நிற்கும்போது, உங்கள் பெற்றோர் அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். பத்திரம் எழுதப்பட்டு வந்தால் அதைப் படித்துக் காட்டும் வேலை பல வீடுகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கே வந்து சேரும். முன்பணம் எத்தனை மாதம் என்று எழுதிய வரி வரும்போது சற்று நிறுத்தி, இருவர் காதிலும் விழுமாறு படியுங்கள்.